நிறம் மாறும் கண்ணாடியும் பட்டறைத் தொழிலாளியின் கண்ணும்

(கிரில் பட்டறை, வெல்டிங், கட்டடக் கண்ணாடி வேலைத் தொழிலாளர்கள் கூடிய தொழிற்சங்கப் படிப்பு வட்டத்தில், சங்கத்தின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

சென்ற கூட்டத்தில் கூலி உயர்வைப் பற்றிப் பேசினோம். இன்று கண்ணாடியைப் பற்றிப் பேசப் போகிறேன். "வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாமல் கண்ணாடியைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், பெரியவரே! பேச்சு முடிவதற்குள் விஷயம் உங்கள் பட்டறை வாசலுக்கே வந்து சேரும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டும் நமது இளந்தோழர் ஒருவர் சங்க ஆபீசுக்கு வந்தார். கையில் பாய் போலச் சுருட்டிய ஒரு தகடு. வேலை முடிந்தபின் வெட்டி எறிந்த மிச்சத் துண்டு. "தோழர், இதைக் கண்ணாடி மேலே ஒட்டி, ஓரத்திலே செம்பு நாடா வைத்து, வயர் கொடுத்தோம். சுவிட்சைப் போட்டால் தெளிவாகிறது, அணைத்தால் பால் போல வெளுத்துவிடுகிறது. இது என்ன வித்தை? இது வந்தால் திரை தைக்கிறவர்களுக்கும் எங்களுக்கும் வேலை போய்விடுமா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது நமது பழக்கமல்ல. ஆகவே இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்தேன், பாலிடெக்னிக் படித்த தோழர்களைக் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

வித்தை அல்ல, விஞ்ஞானம்

இதோ அந்தத் துண்டு. மேடையில் இருக்கும் இந்தச் சின்னப் பெட்டி 230 வோல்ட்டைச் சுமார் 60 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. யாரும் வீட்டில் நேரடியாக மாட்டிப் பார்க்காதீர்கள். இப்போது சுவிட்சைப் போடுகிறேன். பார்த்தீர்களா? என் முகம் தெரிகிறது. அணைக்கிறேன். மூடுபனி வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது? இதில் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளின் உட்பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திப் பூச்சு. நடுவே ஒரு பசை. அந்தப் பசைக்குள் திரவப் படிகம் என்னும் பொருள் கோடிக்கணக்கான நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது.

திரவப் படிகத்தைக் கண்டவர் ரைனிட்ஸர் என்னும் ஆஸ்திரிய தேசத்துத் தாவர விஞ்ஞானி. ஆண்டு 1888. காரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை உருக்கிப் பார்த்தபோது, அது ஒரு வெப்பத்தில் கலங்கலாக உருகி, இன்னும் சூடாக்கியபின் தெளிந்தது. உருகுவதற்கு இரண்டு நிலையா என்று அவருக்கு ஆச்சரியம். திரவம் போல ஓடுகிறது. ஆனால் அதன் துகள்கள் உப்புக்கல், கற்கண்டு போல ஒரு ஒழுங்கிலும் நிற்கின்றன. இதனால் யாருக்கு லாபம் என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. எண்பது, தொண்ணூறு ஆண்டு கழித்துத்தான் கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் அது எண்களாக வந்து நின்றது. இந்தத் தகடு முறை 1980களில் அமெரிக்காவின் கென்ட் மாகாணப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது.

மில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கு ஊதுமுன் ஆயிரம் பேர் ஆளுக்கொரு திசையில் பார்த்து நிற்கிறோம். அதற்குள் ஒருவன் நேராக நடந்து போக முடியுமா? இடித்து, விலகி, எங்கேயோ போய்ச் சேருவான். ஊர்வலத்துக்கு வரிசை கட்டி நின்றுவிட்டால்? வரிசைக்கு நடுவே சைக்கிளே போகும். துளிகளும் அப்படித்தான். மின்சாரம் இல்லாதபோது ஆளுக்கொரு திசை, ஒளி சிதறிப்போகிறது, தகடு வெளுத்துத் தெரிகிறது. மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒரே திசையில் திரும்புகின்றன. ஒளி நேராகப் போகிறது.

ஒன்று கவனியுங்கள். இந்தத் தகடு வெளுக்கிறதே தவிர, வெயிலைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மறைப்புக்கு உதவும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலைச் சுற்றி, வங்கியில், ஆபீசில் உபயோகப்படும். வெயிலைத் தடுக்கும் கண்ணாடி வேறு ஜாதி.

டங்ஸ்டனின் நீல நிறம்

ஆர்கான் வெல்டிங் செய்யும் தோழர்கள் கையைத் தூக்குங்கள். நீங்கள் பிடிக்கும் ராடு என்ன உலோகம்? டங்ஸ்டன். பழைய குண்டு பல்புக்குள் எரிந்த இழையும் அதுவே. அந்த டங்ஸ்டனைப் பிராணவாயுவுடன் சேர்த்த ஆக்ஸைடுதான் நிறம் மாறும் கண்ணாடியின் உயிர்.

1815-இல் ஸ்வீடன் நாட்டு ரசாயன விஞ்ஞானி பெர்ஸீலியஸ், டங்ஸ்டன் ஆக்ஸைடை ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கியபோது அது நிறம் மாறியதைக் கண்டு எழுதி வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1969-இல், அமெரிக்காவில் வேலை செய்த சத்யேன் தேப் என்னும் விஞ்ஞானி, டங்ஸ்டன் ஆக்ஸைடின் மெல்லிய பூச்சை மின்சாரத்தாலேயே நீல நிறமாக்கலாம் என்பதை வெளியிட்டார். 1980களில் ஸ்வீடன் நாட்டின் கிரான்க்விஸ்ட்டும் அவரது சகாக்களும் இதை ஜன்னலுக்குக் கொண்டுவரும் வழியைத் தேடினார்கள். 'சமர்த்து ஜன்னல்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இதன் வேலை செல்போன் பாட்டரியின் வேலையைப் போன்றது. ஒரு பக்கம் டங்ஸ்டன் ஆக்ஸைடு, மறுபக்கம் நிக்கல் ஆக்ஸைடு, நடுவே அயனிகளை மட்டும் விடும் ஒரு பொருள். இரண்டொரு வோல்ட் மின்சாரம் கொடுத்தால், லித்தியம் அல்லது ஹைட்ரஜன் அயனிகள் டங்ஸ்டன் பக்கம் போய்ப் புகுந்துகொள்கின்றன. கண்ணாடி ஆழ்ந்த நீலமாகிறது. மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவை வெளியேறுகின்றன. கண்ணாடி வெளுக்கிறது. ஒருமுறை நிறம் ஏறிவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் நெடுநேரம் அந்த நிறம் நிற்கும். இது பெரிய சிக்கனம். ஆனால் நிதானமான காரியம். பெரிய ஜன்னல் முழுக்கக் கறுக்கச் சில நிமிஷங்கள் ஆகும்.

வளையும் கண்ணாடி என்று சொல்கிறார்களே, அது என்ன? இந்தப் பூச்சுகளைக் கண்ணாடி மேல் ஏற்றாமல், மெல்லிய பாலியஸ்டர் தாளின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். துணி நெய்வது போல ஒரு உருளையிலிருந்து இன்னொரு உருளைக்குத் தாளை ஓட்டிக்கொண்டே பூசலாம். ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து 2003-இல் தோன்றிய குரோமோஜெனிக்ஸ் என்னும் கம்பெனி இந்த வழியில் இறங்கியது. தாள் வளையுமானால் வளைந்த பஸ் கண்ணாடிக்கும் பொருந்தும், ஹெல்மெட்டின் முகப்புக்கும் பொருந்தும்.

மின்சாரமே இல்லாமல் நிறம் மாறுபவையும் உண்டு. வெயிலில் கறுத்து, நிழலில் வெளுக்கும் மூக்குக்கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளி உப்புகளைக் கலந்த அப்படிப்பட்ட கண்ணாடியை அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி 1964-இல் அறிவித்தது. வனேடியம் ஆக்ஸைடு என்று ஒன்று. சுமார் 68 டிகிரி சூட்டில் அதன் குணமே மாறி, உஷ்ணக் கதிர்களைத் தடுக்கத் தொடங்குகிறது. 1959-இல் மோரின் என்னும் விஞ்ஞானி இந்த மாற்றத்தைக் கண்டார். கொஞ்சம் டங்ஸ்டன் கலந்தால் அந்தச் சூட்டின் அளவைக் குறைக்கலாம்.

யார் ஜன்னலில் மாட்டினார்கள்?

இவ்வளவு நல்ல பொருள் முதலில் எங்கே போய்ச் சேர்ந்தது? 2011-இல் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கிய போயிங் 787 விமானத்தில் ஜன்னலுக்கு மூடி கிடையாது. பயணி பொத்தானை அழுத்தினால் ஜன்னலே நீலமாகிறது. விலையுயர்ந்த மோட்டார் கார்களின் கண்ணாடியில் போய்ச் சேர்ந்தது. மாடமாளிகை போன்ற ஆபீஸ் கட்டடங்களில் போய்ச் சேர்ந்தது.

வியூ என்னும் அமெரிக்கக் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். நிறம் மாறும் ஜன்னல் செய்ய மிஸிஸிப்பி மாகாணத்தில் தொழிற்சாலை வைத்தது. 2018-இல் ஜப்பானின் சாப்ட்பேங்க் நிதியம் அதில் 110 கோடி டாலரைப் போட்டது. 2021-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் திவால் மனுவுடன் கோர்ட் வாசலில் நின்றது. சரக்கு கெட்டது என்றோ விஞ்ஞானம் பொய் என்றோ இதற்கு அர்த்தமில்லை. சாதாரண ஜன்னலைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளை வாங்கச் சில ஆபீஸ் முதலாளிகளை மட்டுமே நம்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதைக் கொண்டுபோகும் வழி அந்தக் கணக்கில் இல்லை.

நமது ஊர் வெயிலை நினைத்தால் இன்னொரு வேடிக்கை. வெயில் நாட்டில், நான்கு பக்கமும் கண்ணாடியால் மூடிக் கட்டடம் கட்டுகிறார்கள். உள்ளே அடுப்பு போலக் கொதிக்கிறது. அதைக் குளிரவைக்க ஏ.ஸி.; அதன் கரண்ட் செலவைக் குறைக்க நீலக் கண்ணாடி! தாழ்வாரமும் வாரமும் வைத்துக் கட்டிய நம் பாட்டன் வீட்டுக்கு இந்தச் சிரமம் இல்லை. தகரக் கூரைக்கடியில் தையல் மிஷின் ஓட்டும் பெண்ணுக்குச் சமர்த்து ஜன்னல் உதவாது. அவளுக்கு வேண்டியது கூரைக்கு வெள்ளையடிப்பு, காற்றோட்டம், குடிதண்ணீர், நடுப்பகலில் ஓய்வு. நாளைக்கே எந்த முதலாளியாவது "நவீனக் கண்ணாடி போடப் போகிறோம், அதுவரை பொறுங்கள்" என்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஆனாலும் விஞ்ஞானத்தை வெறுப்பது நம் வழியல்ல. இதே தாளை நாள் முழுதும் வெயில் அடிக்கும் பஸ் டிரைவரின் பக்கவாட்டு ஜன்னலில் ஒட்டலாம். ரயிலில் ஒட்டலாம். ஆஸ்பத்திரியின் மேற்குப் பார்த்த வார்டில் ஒட்டலாம். பழைய ஜன்னலைப் பெயர்க்காமல் மேலேயே ஒட்டக்கூடியது என்பதுதான் வளையும் தாளின் தனிச் சிறப்பு. அங்கெல்லாம் எப்போது வரும் என்பது, யாருக்காக உற்பத்தி செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பூச்சுக்குள் இருக்கும் மூச்சு

இந்தத் துண்டில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு இருக்கிறது என்றேன். அது இண்டியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடும் வெள்ளீயத்தின் ஆக்ஸைடும் கலந்தது. ஒளியை விடும், மின்சாரத்தையும் விடும். உங்கள் சட்டைப்பையிலுள்ள செல்போனின் திரையிலும் இதே பூச்சுதான். இண்டியத்துக்கென்று தனியாகச் சுரங்கம் தோண்டுவது அபூர்வம். துத்தநாகத்தைச் சுத்திகரிக்கும்போது துணைப் பொருளாகக் கிடைக்கிறது. அதிகம் உற்பத்தி செய்யும் நாடு சீனா.

பூச்சு ஏற்றுவதற்கு இந்த ஆக்ஸைடைக் கட்டியாக்கி, பலகைபோல் அறுத்து, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்த்தால் தூள் பறக்காதா? ஜப்பானில் அந்தத் தேய்ப்பு வேலை செய்த ஒரு தொழிலாளி, முப்பது வயது நிறையுமுன், 2001-இல் நுரையீரல் நோயால் இறந்துபோனார். அவருடைய நுரையீரலில் அந்தத் தூள் இருந்தது. 2003-இல் மருத்துவர்கள் அதை எழுதி வெளியிட்ட பிறகு, மற்றத் தொழிலாளர்களையும் சோதித்தார்கள். இன்னும் பலருக்கு நோயின் அறிகுறி தெரிந்தது. 'இண்டியம் நுரையீரல்' என்று ஒரு புதிய நோய்க்கே பெயர் வைக்கவேண்டியதாயிற்று. 2013-இல் ஜப்பான் சர்க்கார், இந்தத் தூள் பறக்கும் வேலைக்குத் தனிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

கண்ணாடியை மாட்டும் நீங்கள் பயப்பட வேண்டாம். பூச்சு தாளுக்குள் அடைபட்டிருக்கிறது. ஓரத்தை வெட்டுவதால் அந்த ஆபத்து வராது. ஆபத்து அதை உற்பத்தி செய்யுமிடத்தில், தேய்க்கும், அறுக்கும், எந்திரத்தைச் சுத்தம் செய்யும் தொழிலாளிக்குத்தான். ஆனால் செய்தி நமக்கும் உண்டு. பொருள் புதியது என்றால் நோயும் புதியதாக இருக்கலாம். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும், "இதில் என்ன இருக்கிறது? தூள் பறக்குமா? முகமூடி எங்கே?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

1981-லேயே வந்த கண்ணாடி

பெரியவரே! இப்போது உங்கள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டேன்.

நிறம் மாறும் கண்ணாடி தொழிலாளிக்கென்று வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. மேலே சொன்ன விமானத்துக்கு 30 ஆண்டு முன்பே வந்துவிட்டது. 1981-இல் ஸ்வீடன் நாட்டில் ஹோர்னெல் என்பவர், தானாகக் கறுக்கும் வெல்டிங் கண்ணாடியை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தார். இதோ, இந்த முகமூடியைப் பாருங்கள். இதன் ஜன்னல் வழியாக உங்களையெல்லாம் தெளிவாகப் பார்க்கிறேன். ராடு இரும்பைத் தொட்டுப் பொறி கிளம்பியதும், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இது கறுத்துவிடும். பொறி நின்றதும் மறுபடி வெளுக்கும். டங்ஸ்டன் ஆக்ஸைடின் நிதானம் இங்கே உதவாது. இங்கே வேலை செய்வது காரட்டில் கிடைத்ததே, அந்தத் திரவப் படிகம்தான்.

எப்படி என்று கிரில் அடிக்கிறவர்களுக்குச் சொல்வது சுலபம். உள்ளே ஒளிக்கு இரண்டு கிரில் இருக்கிறது. ஒன்றின் கம்பி நெடுக்கே, மற்றொன்றின் கம்பி குறுக்கே. முதல் கிரில்லில் நுழைந்த ஒளி, அப்படியே போனால் இரண்டாவதில் தடுக்கப்பட்டுவிடும். நடுவே இருக்கும் திரவப் படிகம், பலகையைத் திருப்பிக் கொடுப்பதுபோல, ஒளியைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே ஒளி வெளியே வருகிறது. நெற்றியிலிருக்கும் கண் போன்ற உணர்வான் பொறியைக் கண்டதும் மின்சாரம் பாய்கிறது. படிகம் நிமிர்ந்துகொள்கிறது. திருப்பும் வேலை நின்றது, ஒளி அடைபட்டது. இது தவிர, கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக் கதிரையும் உஷ்ணக் கதிரையும் எப்போதும் தடுக்கும் ஒரு வடிகட்டி முன்னால் இருக்கிறது. நல்ல முகமூடியில் பாட்டரி செத்தாலும் அந்த வடிகட்டி வேலை செய்யும். கூச்சம் மட்டும் தாங்காது. பாட்டரியை மாற்றாமல் வேலை செய்யக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? என் பதினாறாவது வயதில், பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், ஒரு கிரில் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். எந்தப் பட்டறை என்பது முக்கியமல்ல. அன்று எல்லாப் பட்டறையும் ஒன்றுபோலத்தான். வெல்டர் அண்ணன் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. எனக்கு எதுவும் இல்லை. சட்டத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. "டாக் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள், தம்பி" என்பார். எத்தனை தடவை மூடுவது? அவர் ராடை வைக்கும் நேரமும் நான் மூடும் நேரமும் ஒன்றாக வருமா?

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை ஒன்றுமில்லை. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடவும் முடியவில்லை. அம்மா உருளைக்கிழங்கைச் சீவி இமைமேல் வைத்தாள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா இரண்டு சொட்டுப் பால் விட்டாள். விடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கூலி இல்லை. அடுத்த நாள் போனபோது பட்டறைக்காரர் சொன்னார்: "வெல்டிங் அடிக்காத கண் எங்கே இருக்கிறது? பழகிப்போகும்."

பழகிப்போகுமா? அது வெயிலில் தோல் தீய்வதைப்போல, புற ஊதாக் கதிரால் கருவிழியின் மேல்தோல் தீய்ந்துபோவது. பல மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். ஒன்றிரண்டு நாளில் ஆறுவதால் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், வெல்டிங் புகையையும் வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2017-இல் வகைப்படுத்தியிருக்கிறது. தாய்ப்பாலும் உருளைக்கிழங்கும் வைத்தியமல்ல, தோழர்களே. கண் உறுத்தினால் கண் டாக்டரிடம் போங்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாக விட்டுக்கொள்ளாதீர்கள். ஆறவேண்டிய கண்ணையும் அது கெடுத்துவிடும்.

சட்டம் யாரைப் பார்க்கவில்லை?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 35-ஆவது பிரிவு கண்ணுக்கென்றே இருந்தது. தெறிக்கும் துகளாலும் மிதமிஞ்சிய ஒளியாலும் கண்ணுக்கு ஆபத்துள்ள வேலைகளில் தடுப்புத் திரையோ தக்க கண்ணாடியோ கொடுக்கும்படி விதி செய்ய அது இடம் கொடுத்தது. ஆனால் மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. நாலு பேர் பட்டறையை அந்தச் சட்டத்தின் கண் பார்க்கவில்லை. 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-இல் அமலுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது! பத்துப் பேர் உள்ள மற்ற ஸ்தாபனங்களுக்குச் சில பொதுக் கடமைகளைச் சொல்கிறது. நாலு பேர் பட்டறை மறுபடியும் வெளியேதான் நிற்கிறது.

இந்தத் தானியங்கி முகமூடி 1981-இல் அரிய பொருள். இன்று சாதாரண ரகம் இரண்டொரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீலமாகும் ஜன்னலைப்போல இது கோடீஸ்வரன் பொருளல்ல. ஒரு கிரில் கேட்டின் விலையில் சிறு பங்கு. அப்படியிருந்தும் ஏன் நம் பட்டறைகளில் இல்லை? "ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் உடைத்துவிடுவான்" என்பது முதலாளியின் பதில். "பழகிப்போச்சு, தோழர்" என்பது நம் பதில். அவருடைய பதில் பணத்தைப் பற்றியது. நம்முடைய பதிலை மாற்றவேண்டியவர்கள் நாம்தான்.

சின்னப் பட்டறைக்காரரும் கஷ்டத்தில்தான் இருக்கிறார் என்பதை மறுக்கவில்லை. பலர் நேற்றுவரை நம்மோடு ராடு பிடித்தவர்கள். அவர் கண்ணும் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அவரிடம் சண்டையாகப் போகாமல், விஷயத்தை எடுத்துச் சொல்லிப் போகலாம். ஆனால் பெரிய கட்டட வேலையை எடுத்துச் சப்-காண்ட்ராக்டில் விட்டுவிட்டு, "அவன் ஆள், என் ஆள் இல்லை" என்று கைகழுவும் காண்ட்ராக்டரிடம் உரிமையாகவே கேட்கவேண்டும்.

வேலை போகுமா?

இளந்தோழரின் கேள்விக்குப் பதில் பாக்கி. நிறம் மாறும் தகடு வந்தால் திரை தைக்கும் வேலை சில பெரிய ஆபீசுகளில் குறையலாம். கண்ணாடி மாட்டும் வேலை போகாது. கூடத்தான் செய்யும். ஓரத்தில் பூச்சை உரித்து, செம்பு நாடா ஒட்டி, வயர் இழுத்து, பெட்டி மாட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டவேண்டும். இது கண்ணாடி வேலையும் எலெக்ட்ரிக் வேலையும் சேர்ந்தது. "அதே சதுரஅடிக் கூலி" என்று காண்ட்ராக்டர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு தொழில் செய்கிறவனுக்கு இரண்டு தொழிலின் கூலி வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஓரத்தைத் தொடவைக்கக் கூடாது. வேலை கற்றுக்கொடுக்கும் நாளுக்கும் கூலி உண்டு. இந்த மூன்றையும் அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் சேர்க்கவேண்டும் என்பது என் யோசனை.

செய்யவேண்டியது

முதலாவது, பட்டறை பட்டறையாகப் போய்க் கணக்கெடுப்பு. எத்தனை வெல்டர், எத்தனை கையாள், எத்தனை முகமூடி? கையாளைக் கட்டாயம் எண்ணவேண்டும். ராடு பிடிக்கிறவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியாவது இருக்கும். சட்டம் பிடிக்கிற பையனுக்குத்தான் ஒன்றுமில்லை.

இரண்டாவது, தானியங்கி முகமூடி கிடைக்கும்வரை சும்மா இருக்கக் கூடாது. உரிய எண்ணுள்ள சாதாரணக் கறுப்புக் கண்ணாடி வைத்த தலைமூடியும் கண்ணைக் காக்கும். அதில் உள்ள தொல்லை, ஒவ்வொரு டாக்குக்கும் தூக்கித் தூக்கி இறக்கவேண்டும். அந்தத் தொல்லையால்தான் வெறுங்கண்ணால் வைக்கிறோம். தெருக்கடையில் விற்கும் கூலிங்கிளாஸ் வெல்டிங்குக்கு ஆகாது.

மூன்றாவது, நலவாரியத்தில் பதிவு செய்த ஒவ்வொரு வெல்டருக்கும், கூட நிற்கும் கையாளுக்கும், தானாகக் கறுக்கும் முகமூடியைச் சர்க்கார் செலவில் கொடுக்கவேண்டும் என்று மனு. கணக்கெடுப்பு கையில் இருந்தால் மனுவுக்குப் பலம் இருக்கும். இல்லாவிட்டால் அது இன்னொரு காகிதம்.

நான்காவது, இந்த முகமூடி சங்கத்தின் சொந்தம். உண்டியல் காசில் வாங்கியது. வாரம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், வேலை செய்கிறவர்களே போட்டுப் பார்க்கட்டும். நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட, ஒரு டாக் வைத்துப் பார்த்தால் அதிகம் விளங்கும்.

பெரியவரே, கூட்டம் முடிந்ததும் முதலில் உங்கள் பட்டறைக்குத்தான் எடுத்து வருகிறேன். உங்களிடம் இரண்டு பையன்கள் கையாளாக இருக்கிறார்கள் என்று கேள்வி. அவர்களையும் நிறுத்தி வையுங்கள். கணக்கெடுப்பு நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக அவர்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன்.